ஏமாற வாய்ப்புள்ள இடத்திலும் மனிதர்கள் ஏன் ஒத்துழைக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் எடுக்கும் முடிவின் பலன் மற்றவர்களுடைய முடிவையும் பொறுத்திருக்கும்போது என்ன நடக்கும் என்பதைக் கணக்காக எழுதிப் பார்க்கும் துறை ஆட்டக் கோட்பாடு. ஒத்துழைப்பைப் பற்றி அத்துறையும் அதை ஒட்டிய ஆய்வுகளும் கண்டறிந்தவற்றில் உறுதியானவற்றை, கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கண்ணெதிரே நடப்பவற்றோடு சேர்த்துக் கீழே உள்ள பதில்கள் சொல்கின்றன.

சமூக இக்கட்டு என்றால் என்ன?

ஒவ்வொருவரும் தமக்கு ஆதாயமானதைச் செய்வதாலேயே எல்லோரும் நட்டப்படும் நிலைமைதான் சமூக இக்கட்டு. பாகூர்ப் பக்கம் அடுத்தடுத்து நிலம் வைத்திருக்கும் இரண்டு விவசாயிகளை எண்ணிக்கொள்ளுங்கள். இருவரின் ஆழ்துளைக் கிணறுகளும் ஒரே நிலத்தடி நீரைத்தான் உறிஞ்சுகின்றன. இருவரும் அளவாக இறைத்து, ஒரு போகம் நெல்லும் ஒரு போகம் மணிலாவும் போட்டால் ஆளுக்கு 60,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் அளவின்றி இறைத்து மூன்று போகமும் நெல்லே போட்டால் அவருக்கு 75,000 ரூபாயும், அடக்கி இறைத்தவருக்கு 25,000 ரூபாயும் கிடைக்கும். இருவருமே அளவின்றி இறைத்தால் நீர்மட்டம் இறங்கி, தண்ணீர் உவர்த்து, ஆளுக்கு 40,000 ரூபாய்தான் தேறும். தொகைகள் கணக்குக்காகச் சொன்னவை. புதுச்சேரிக் கடலோரத்தில் நிலத்தடியில் உப்புநீர் ஊடுருவிவருவது கற்பனை அன்று.

இவர்களில் ஒருவருடைய இடத்திலிருந்து பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் அளவாக இறைப்பார் என்றால், அளவின்றி இறைப்பதே எனக்கு லாபம். 60,000க்குப் பதில் 75,000 வரும். அவர் அளவின்றி இறைப்பார் என்றாலும் நானும் அப்படியே செய்வதுதான் லாபம். 25,000க்குப் பதில் 40,000 வரும். அவர் எதைச் செய்தாலும் என் கணக்கு ஒரே விடையைத்தான் தருகிறது, அவருடைய கணக்கும் அதே விடையைத் தருகிறது, அதனால் ஆளுக்கு 60,000 எடுத்திருக்கக்கூடிய இருவரும் 40,000த்தோடு நிற்கிறார்கள். இருவரில் எவரும் கெட்டவர் இல்லை, எவரும் முட்டாளும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கைதிகள் கதை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் ஆகிய இருவரும் 1950இல் மேற்கண்ட வடிவமுள்ள ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கப்படும் இரண்டு கைதிகள், காட்டிக்கொடுப்பதா வாய் மூடி இருப்பதா என்று தவிக்கும் கதையை அதே ஆண்டில் அதற்குப் பொருத்தியவர் கணிதவியலாளர் ஆல்பர்ட் டக்கர். ‘கைதிகளின் இக்கட்டு’ என்ற பெயரில் கதை நிலைத்துவிட்டது. ஆனால் கதைக்கு முன்பே நடந்த முதல் சோதனையைப் பலரும் சொல்வதில்லை. பொருளியலாளர் ஆர்மென் ஆல்சியனும் கணிதவியலாளர் ஜான் வில்லியம்ஸும் அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து 100 முறை ஆடினார்கள். கோட்பாட்டின் கணிப்புப்படி ஒருமுறைகூட ஒத்துழைப்பு நிகழ்ந்திருக்கக் கூடாது. 60 சுற்றுகளில் இருவரும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தார்கள். இந்த ஆட்டம் பிறந்தபோதே கோட்பாட்டின் கணிப்பை மனிதர்கள் மீறிவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஒருமுறை மட்டும் ஆடினாலும் ஒத்துழைப்பார்களா?

கணிசமானோர் ஒத்துழைக்கிறார்கள். பிரிட்டனில் 2007 முதல் 2009 வரை ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் இறுதிக் கட்டம் ஏறக்குறைய கைதிகளின் இக்கட்டேதான். இருவரும் பங்கிட ஒப்பினால் பரிசு ஆளுக்குப் பாதி, ஒருவர் மட்டும் அபகரித்தால் முழுவதும் அவருக்கே, இருவரும் அபகரித்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதில் ஆடியவர்களின் முடிவுகளை ஆராய்ந்தபோது, சுமார் 53 விழுக்காட்டினர் பங்கிடும் பக்கம் நின்றது தெரியவந்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 2004இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு. ஒரே ஆட்டத்தை, ஒரே தொகைகளோடு, ஒரு குழுவிடம் ‘சமுதாய ஆட்டம்’ என்றும் மற்றொரு குழுவிடம் ‘வால் ஸ்ட்ரீட் ஆட்டம்’ என்றும் சொல்லி ஆடச் செய்தார்கள். முதல் பெயரைக் கேட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஒத்துழைத்தார்கள். பங்குச் சந்தைத் தெருவின் பெயரைக் கேட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே ஒத்துழைத்தார்கள். இவர் ஒத்துழைப்பார், இவர் மாட்டார் என்று மாணவர்களை நன்கறிந்தவர்கள் முன்கூட்டிச் சொல்லியிருந்த கணிப்பு எதற்கும் உதவவில்லை. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதைவிட, தாம் இப்போது எந்த மாதிரியான இடத்தில் நிற்பதாக அவர் நினைக்கிறார் என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது. பொருளியல் படிக்கும் மாணவர்கள் மற்ற மாணவர்களைவிட அதிகமாக ஏமாற்றுகிறார்கள் என்று 1993இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். படிப்பு அவர்களை அப்படி ஆக்குகிறதா, அப்படிப்பட்டவர்கள்தாம் அந்தப் படிப்புக்கு வருகிறார்களா என்பது வேறு விவாதம்.

எல்லா இக்கட்டுகளும் ஒரே வகைதானா?

இல்லை. புதுச்சேரியில் கடலூர் சாலையில் உள்ள ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது நிற்பவர்களுக்கு ஒரு வகை நன்றாகத் தெரியும். இடப்பக்கம் வரிசையில் நிற்காமல் வலப்பக்கம் ஏறி முன்னால் போய் நிற்கும் வண்டிக்கு எப்போதும் லாபம். இரு பக்கத்திலும் எல்லோரும் அப்படி ஏறி நின்றால் கேட் திறந்த பிறகு எவராலும் நகர முடியாது. இது கைதிகளின் இக்கட்டு.

மான் வேட்டை என்று சொல்லப்படுவது மற்றொரு வகை. ரூசோ 1755இல் வெளியிட்ட நூலில் வரும் உவமையிலிருந்து பெயர் பெற்றது. எல்லோரும் சேர்ந்து நின்றால் மான் கிடைக்கும், ஒருவர் முயலைத் துரத்திக்கொண்டு போனாலும் மான் தப்பிவிடும். இங்கே மற்றவர்கள் நிற்பது உறுதி என்றால் நானும் நிற்பதே எனக்கு லாபம், ஆகவே சிக்கல் பேராசையில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது. நடைமுறையில் இந்த வேறுபாடு பெரிது. முதல் வகைக்கு ஏற்பாடும் கண்காணிப்பும் தேவைப்படும். இரண்டாம் வகைக்குப் பல நேரம் ஒரு கூட்டம் போட்டு நாள் குறிப்பதே போதும்.

திரும்பத் திரும்பச் சந்திப்பவர்கள் விஷயத்தில் என்ன மாறுகிறது?

ஏறக்குறைய எல்லாமே மாறுகிறது. இன்று ஏமாற்றினால் நாளை அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், தன்னலக் கணக்கே ஒத்துழைப்பை ஆதரிக்கத் தொடங்குகிறது. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட், கைதிகளின் இக்கட்டைப் பலமுறை ஆடும் கணினி நிரல்களை நிபுணர்களிடமிருந்து வரவழைத்து ஒரு போட்டி நடத்தினார். வந்த 14 நிரல்களில் வென்றது அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் சுற்றில் ஒத்துழைக்க வேண்டும், பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். முடிவுகளை எல்லோருக்கும் அறிவித்துவிட்டு நடத்திய இரண்டாம் போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அதை வீழ்த்துவதற்கென்றே எழுதப்பட்டவையும் அவற்றில் இருந்தன. அப்போதும் அதுவே வென்றது.

இந்த ‘பதிலுக்குப் பதில்’ உத்தியைப் புகழ்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நேருக்கு நேர் ஆட்டம் எதிலும் அதனால் எதிராளியைவிட அதிக மதிப்பெண் எடுக்கவே முடியாது; சமமாக நிற்கும், அல்லது ஒரு படி குறைவாக நிற்கும். எவரையும் தோற்கடிக்காமல் மொத்தத்தில் முதலிடம் பெற்றது அது. அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒருமுறை தவறுதலாகக் கை மாறிவிட்டால், அதே உத்தியைக் கையாளும் இருவரும் ஒருவரை ஒருவர் மாறி மாறிப் பழிவாங்கிக்கொண்டே போவார்கள். அதனால்தான் தவறுகள் நிகழும் உலகில், எதிராளியின் துரோகத்தை எப்போதாவது கண்டுகொள்ளாமல் விடும் சற்றுத் தாராளமான உத்தி மேலானது என்று மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1992இல் காட்டினார்கள். பங்காளிச் சண்டைகள் தலைமுறை தாண்டி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

சீட்டு எடுத்தவர் ஏன் தொடர்ந்து பணம் கட்டுகிறார்?

இக்கேள்வி பல பொருளியல் ஆய்வுகளின் தொடக்கப்புள்ளி. ஒரு தெருவில் 20 பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாதச் சீட்டுப் போடுகிறார்கள் என்றால், மாதந்தோறும் ஒரு லட்சம் ரூபாய் சேர்கிறது. ஏலத்தில் அதிகம் தள்ளிக் கேட்பவர் எடுத்துக்கொள்கிறார், தள்ளுபடித் தொகை மற்றவர்களுக்குப் பிரிகிறது. மூன்றாம் மாதம் எடுத்தவர் இன்னும் 17 மாதம் கட்ட வேண்டும். அவருக்கு வர வேண்டியது எதுவும் மிச்சமில்லை. வெறும் கணக்குப் போடுபவர் நான்காம் மாதமே நிறுத்திவிடுவார்.

பெரும்பாலானவர்கள் நிறுத்துவதில்லை என்பதற்கு நல்ல மனம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதை நம்பி எவரும் சீட்டு நடத்துவதில்லை. சீட்டுப் பிடிப்பவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. சொந்த வீடு இருப்பவர், கடை வைத்திருப்பவர், மாதச் சம்பளக்காரர் என்று இலகுவில் ஊரைவிட்டுப் போக முடியாதவர்களைச் சேர்க்கிறார். புதிதாக வந்தவருக்கு ஜாமீன் கேட்கிறார் அல்லது கடைசி மாதங்களைத் தள்ளிவிடுகிறார். கட்டத் தவறியவரின் பெயர் அந்தச் சீட்டோடு நிற்காது; அடுத்த சீட்டு, கைமாற்று, மளிகைக் கடன், பெண் கொடுப்பது வரை போகும். ஆட்டம் 20 மாதத்தில் முடிவதாகத் தாளில் இருந்தாலும், ஆடுபவர்களுக்கு அது முடிவதே இல்லை. ஊரறியாத பெரிய சீட்டுகளில் ஏமாற்று அதிகம் நடப்பதற்குக் காரணமும் இதே தர்க்கம்தான்: அங்கே உறுப்பினர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது, எல்லாப் பணமும் நடத்துபவர் ஒருவரின் கையில் இருக்கிறது.

நூறு பேர், ஆயிரம் பேர் சேர்ந்த கூட்டத்தில் ‘பதிலுக்குப் பதில்’ எப்படிச் செல்லுபடியாகும்?

செல்லுபடியாகாது. அங்கேதான் இத்துறையின் கடினமான பகுதி தொடங்குகிறது.

ஆய்வுக்கூடங்களில் இதற்கென்று பொதுநிதி ஆட்டம் பயன்படுகிறது. நான்கு பேருக்கு ஆளுக்கு 100 ரூபாய் தரப்படுகிறது. விரும்பிய தொகையைப் பொதுவில் போடலாம். பொதுவில் சேர்ந்தது 1.6 மடங்காக்கப்பட்டு, போட்டவர் போடாதவர் என்ற வேறுபாடின்றி நால்வருக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. எல்லோரும் முழுவதும் போட்டால் ஆளுக்கு 160 ரூபாய். ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் அவருக்கு 220, மற்ற மூவருக்கும் 120. நான் போடும் ஒவ்வொரு ரூபாயிலும் எனக்குத் திரும்பி வருவது 40 காசுதான், ஆகவே கணக்குப்படி எவரும் எதுவும் போடக் கூடாது.

பல நாடுகளில், பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு இது: முதல் சுற்றில் மக்கள் சராசரியாகத் தங்கள் பணத்தில் பாதியை ஒட்டிப் போடுகிறார்கள், சுற்றுகள் செல்லச் செல்ல அது தேய்கிறது, பத்தாம் சுற்றில் மிகச் சொற்பமே மிஞ்சுகிறது. தன்னலம் மெல்ல வெளிப்படுகிறது என்று இதை நெடுநாள் விளக்கினார்கள். சூரிக்கில் ஊர்ஸ் ஃபிஷ்பாக்கர், சைமன் கேக்டர், எர்ன்ஸ்ட் ஃபேர் ஆகியோர் நடத்தி 2001இல் வெளியிட்ட சோதனை வேறொரு படத்தைத் தந்தது. மற்றவர்கள் சராசரியாக இவ்வளவு போட்டால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் என்று ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியே எழுதி வாங்கினார்கள். சுமார் பாதிப் பேர், மற்றவர்கள் கூடுதலாகப் போட்டால் தாங்களும் கூடுதலாகப் போடுவதாக எழுதினார்கள். ஏறக்குறைய 30 விழுக்காட்டினர், மற்றவர்கள் எவ்வளவு போட்டாலும் தாங்கள் எதுவும் போடுவதில்லை என்று எழுதினார்கள்.

தேய்மானத்தின் காரணம் இதிலிருந்து விளங்குகிறது. நிபந்தனையோடு ஒத்துழைக்கும் பாதிப் பேர் நல்லெண்ணத்தோடு தொடங்குகிறார்கள், சிலர் எதுவும் தராமல் பங்கு எடுப்பதைப் பார்க்கிறார்கள், தங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதமான சொந்தப் பங்களிப்பைக் குறைக்கிறார்கள், அதைப் பார்த்து அடுத்தவர் குறைக்கிறார். கடைசிச் சுற்றில் எல்லோரும் ஒரே மாதிரி தன்னலக்காரர்களாகத் தெரிவார்கள், ஆனால் அவர்களில் பலர் ஏமாந்தவர்கள். ‘நம்ம ஜனங்களே இப்படித்தான்’ என்று அலுத்துக்கொள்பவர்கள், பத்தாம் சுற்றை மட்டும் பார்த்துவிட்டு முதல் சுற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பது என் கருத்து.

தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கின்றன. நிலத்தடி நீரை மட்டும் ஏன் காக்க முடியவில்லை?

மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் படகுகள் வரிசையாகக் கட்டி நிற்கின்றன. இதே மாவட்டத்தில், இதே அளவு தேவையும் கடனும் உள்ள மனிதர்கள்தாம் ஆழ்துளைக் கிணற்றை ஆண்டுக்கு ஆண்டு ஆழப்படுத்துகிறார்கள். மனிதர்கள் வேறு என்று சொல்ல வழியில்லை, ஏற்பாடு வேறு.

படகு துறையில் நிற்கிறதா இல்லையா என்பது எவருக்கும் தெரியும். ஒரு படகு கிளம்பினால் அன்றைக்கே ஊர் பேசும். எல்லோருக்கும் ஒரே தேதியில் தொடங்கி ஒரே தேதியில் முடிகிறது, ஆகவே யார் எவ்வளவு குறைத்தார் என்ற வாதத்துக்கு இடமில்லை. நிற்கும் காலத்துக்கு, போதாது என்ற குறை இருந்தாலும், அரசின் நிவாரணத் தொகை உண்டு. தடை முடிந்தவுடன் பிடிபடும் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்தடி நீரிலோ இவற்றில் ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை எவரும் அளப்பதில்லை. தமிழ்நாட்டில் 1990 முதல் வேளாண் மின்சாரம் இலவசம் என்பதால் கூடுதலாக ஓட்டுவதற்குச் செலவும் இல்லை. நீரின் எல்லை எந்த ஊரோடு முடிகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. மற்றவர் குறைத்தால் நானும் குறைப்பேன் என்று மனதார நினைக்கும் விவசாயிக்கு, மற்றவர் குறைத்தாரா என்று பார்க்க ஒரு வழியும் இல்லை.

மின்சாரத்துக்குக் கட்டணம் விதித்தால் போதும் என்பவர்கள் உண்டு. ஏழை விவசாயியையே அது முதலில் கிணற்றிலிருந்து விரட்டும் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கிணறுதோறும் நீர்மட்டத்தை அளந்து, ஊர்ப் பொது இடத்தில் எழுதி வைப்பதிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குச் செலவு குறைவு, எவருடைய உரிமையும் பறிபோவதில்லை.

வடம் பிடிப்பவர்கள் எல்லோரும் இழுக்கிறார்களா?

நகைச்சுவையாகக் கேட்கப்படும் இக்கேள்விக்கு நூறாண்டுக்கு மேல் பழைய, சரியான விடை இருக்கிறது. ஆளுநர்கள் வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடரும் வில்லியனூர்த் தேரைப் பார்த்தவர்களுக்கு, கயிற்றில் கை வைத்திருப்பதும் இழுப்பதும் வேறு வேறு என்பது தெரியும். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து விசையை அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் விசையில் பாதி அளவே கிடைத்தது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் வரும் இழப்பு அதில் ஒரு பகுதி. 1974இல் ஆலன் இங்கமும் பிறரும், கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாகப் பொய்யாக நம்பவைத்துத் தனியாளாக இழுக்கச் செய்தபோதும் விசை குறைந்தது. ஆகவே மீதிப் பகுதி மனத்தைச் சார்ந்தது. தேரில் தாளக்கட்டோடு குரல் கொடுப்பது முதல் இழப்பைச் சரிசெய்கிறது. இரண்டாவதைச் சரிசெய்ய, தேர் தன்னால்தான் நகர்கிறது என்ற நம்பிக்கை வேண்டும்.

அபராதம் விதித்தால் சரியாகிவிடாதா?

யார் விதிக்கிறார், எதற்கு, எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

ஃபேரும் கேக்டரும் பொதுநிதி ஆட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, தம் பணத்தில் ஒரு பங்கைச் செலவிட்டுக் குழுவில் இன்னொருவரின் பணத்தில் மூன்று பங்கைக் குறைக்கலாம். ஆடுபவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருந்ததால், தண்டித்தவருக்கு அதனால் பின்னால் எந்த ஆதாயமும் வரப்போவதில்லை. இருந்தும் ஏராளமானோர் சொந்தச் செலவில் தண்டித்தார்கள், பங்களிப்பு தேயாமல் ஏறியது.

மகிழ்வதற்கு முன் அடுத்த ஆய்வையும் பார்க்க வேண்டும். 2008இல் வெளியான அதில், இதே ஆட்டம் உலகின் 16 நகரங்களில் ஆடப்பட்டது. பாஸ்டன், மெல்போர்ன் போன்ற இடங்களில் தண்டனை பெரும்பாலும் குறைவாகப் போட்டவர்கள்மீது விழுந்தது. ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில் அதிகமாகப் போட்டவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். இவர் மட்டும் என்ன பெரிய யோக்கியர் என்ற எரிச்சல், அல்லது முந்தைய சுற்றில் வாங்கிய தண்டனைக்குப் பழி. அந்த நகரங்களில் தண்டனை ஒத்துழைப்பை வளர்க்கவில்லை. இந்திய நகரம் எதுவும் அந்தப் பதினாறில் இல்லை. நம் ஊர்களில் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்க முடிந்தாலும் ஊகிக்காமல் விடுகிறேன்.

மேலிருந்து விதிக்கப்படும் அபராதத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள்; 2000இல் வெளியான ஆய்வு அது. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்காகியது. ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து நேரம் வாங்குகிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை.

ஹார்டின் சொன்னதுபோல் பொதுச் சொத்து அழிந்துதான் தீருமா?

அமெரிக்கச் சூழலியலாளர் காரட் ஹார்டின் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை விடுவதே தமக்கு லாபம் என்பதால் நிலம் அழியும் என்றும், கட்டாயமே வழி என்றும் வாதிட்டார். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் உலகெங்கும் உண்மையான பொதுச் சொத்துகளைத் தேடிப் பார்த்து, பல இடங்களில் மக்கள் தாங்களே விதி வகுத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருப்பதை 1990இல் வெளியிட்ட நூலில் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்; அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே.

அவர் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று துருக்கியின் அலன்யா. அங்கே மீனவர்கள் வலை விரிக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, பருவத் தொடக்கத்தில் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுத்து, நாள்தோறும் ஓர் இடம் நகர்ந்துகொண்டே போவார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வரும். தனக்குரிய நாளில் வேறொருவர் வந்து நின்றால் உடனே தெரிந்துவிடும் என்பதால் தனியாகக் காவல் தேவையில்லை. பழவேற்காடு ஏரியில் நம் மீனவர்கள் கையாண்டுவரும் பாடு முறையும், இன்னாருக்கு இந்த இடம், இந்த நாள் என்று முறைவைத்துப் பிரிப்பதே. கடலூர், புதுச்சேரிக் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகள், எந்த வலையை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்று தாங்களே கட்டுப்பாடு விதிப்பதும் நெடுநாள் வழக்கம். சோழமண்டலக் கடற்கரை மீன்பிடிப்பை ஆராய்ந்த நெதர்லாந்து அறிஞர் மார்ட்டன் பாவிங்க் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

பாசனத்தில் மற்றொரு உண்மை தெரியவருகிறது. ராபர்ட் வேட் ஆந்திரக் கிராமங்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலில், தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள கடைமடை ஊர்களில்தான் பொது நீர்ப்பாய்ச்சி வைத்து, பொது நிதி திரட்டி நடத்தும் ஊர் அமைப்புகள் அதிகம் காணப்படுகின்றன என்றார். தலைமடையில் தண்ணீர் தானாக வருகிறது. அங்கே கூட்டம் கூட்ட எவருக்கும் காரணமில்லை. வீராணம் பாசனத்தின் தலைமடையையும் கடைமடையையும் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. புதுச்சேரியில் 1999 முதல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைத்த திட்டம், ஏரிதோறும் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்தது இந்தச் சிந்தனையை ஒட்டித்தான். வெளிநிதி நின்ற பிறகும் சங்கத்துக்கு வேலை இருக்கிறதா என்பதே இப்படிப்பட்ட சங்கம் எதற்கும் உண்மையான சோதனை.

அப்படியானால் சுருக்குமடி வலைத் தகராறு ஏன் தீரவில்லை?

ஆஸ்ட்ரம் காட்டிய இடங்களில் இருந்தவை, அதாவது பயன்படுத்துபவர்களே வகுத்த விதியும், மீறினால் உடனே தெரிந்துவிடும் நிலையும், அங்கே குலைந்திருப்பதால். மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் இந்த வலையைத் தமிழ்நாடு 2000இல் தடை செய்தது. அந்த வலையில் பெருந்தொகை முதலிட்டவர்களும், அதில் கூலிக்குச் செல்பவர்களும் ஒரு பக்கம். சிறு வலைக்காரர்கள் மறுபக்கம். ஒரே ஊருக்குள் இருந்தால் பஞ்சாயத்துப் பேசித் தீர்க்கலாம். ஆனால் கடல் பல ஊர்களுக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி என்ற இரு நிர்வாகங்களுக்கும் பொது, ஓர் ஊர் கட்டுப்பட்டால் அடுத்த ஊர் அள்ளிக்கொண்டு போகும் என்ற அச்சம் இருக்கிறது. 2021இல் வீராம்பட்டினத்து மீனவர்களும் நல்லவாட்டு மீனவர்களும் இதை முன்னிட்டு மோதிக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணிக்குள் பயன்படுத்த அனுமதித்தது. நாளும் நேரமும் கரையில் இருப்பவர்களால் சரிபார்க்கக்கூடியவை; 12 கடல் மைல் என்ற எல்லை அப்படிப்பட்டதன்று. நிபந்தனை ஒத்துழைப்பு எந்த விதியைச் சுற்றி உருவாகும், எதைச் சுற்றி உருவாகாது என்பதை இந்த ஓர் உத்தரவை வைத்தே பாடம் நடத்தலாம்.

தொழிலும் ஊர்ப் பழக்கமும் ஒத்துழைப்பை மாற்றுமா?

மாற்றும். ஒருவர் ஒரு தொகையைப் பங்கிட்டு முன்மொழிய, மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை என்ற ஆட்டத்தை வெர்னர் கியூத்தும் பிறரும் 1982இல் அறிமுகப்படுத்தினார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் பொதுவாக 40 முதல் 50 விழுக்காடு தருகிறார்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே தந்தால் பெரும்பாலும் சினந்து மறுக்கிறார்கள். ஜோசப் ஹென்ரிக்கும் குழுவினரும் இதை 15 சிறு சமுதாயங்களுக்கு எடுத்துச் சென்று 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் பெருநாட்டு மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 விழுக்காடுதான் தந்தார்கள். பெரிய படகில் கூட்டாகச் சென்று திமிங்கிலம் வேட்டையாடும் இந்தோனேசியாவின் லமலேரா மக்களோ பாதிக்கும் மேலே தந்தார்கள். பிரேசிலிலும், கூட்டாகக் கடலுக்குச் செல்லும் மீனவர்கள், தனித்தனியாக ஏரியில் மீன்பிடிப்பவர்களைவிட அதிகம் ஒத்துழைத்தார்கள் என்று யூரி நீசியும் பிறரும் 2016இல் காட்டினார்கள்.

பெருந்தொகை வைத்தால் இந்த நியாயமெல்லாம் நிற்குமா என்ற ஐயம் சரியானதே. வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை வைத்து ஆடிய ஆய்வு, 2011இல் வெளியானது. தொகை ஏற ஏற, அற்பப் பங்கை மறுப்பவர்கள் குறைந்து, உச்சத் தொகையில் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். கோபத்துக்கும் ஒரு விலை உண்டு.

ஒத்துழைப்பு எப்போதும் நல்லதா?

இல்லை. ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு முந்திரிக்கோ மணிலாவுக்கோ விலை ஏற்றாமல் இருந்தால், அதுவும் முழுமையான ஒத்துழைப்புத்தான். அங்கே ஒருவர் துரோகம் செய்வதே விவசாயிக்கு நல்லது. ஒப்பந்தப் புள்ளிகளில் நடப்பதும் அதுவே. கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தை ஊர் விலக்கி வைப்பது, வலை விதியைக் காக்கும் அதே கருவி. காதல் மணம் செய்தவர்கள்மீதும் அதே கருவிதான் பாய்கிறது. ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பாராட்டி எழுதுபவர்கள், அவற்றில் நெடுங்காலம் பெண்கள் அமர்ந்ததில்லை என்பதையும், கடற்கரையில் மீன் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அவசரத்தில் முடிவெடுத்தால் மனிதர் நல்லவராக இருப்பார் என்கிறார்களே?

அப்படிச் சொன்ன 2012ஆம் ஆண்டு ஆய்வு மிகவும் பேசப்பட்டது. 21 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதையே மீண்டும் செய்து 2017இல் வெளியிட்டபோது, எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. அதை நம்பி எதையும் சொல்ல வேண்டாம்.

கல்லூரியிலோ பள்ளியிலோ இந்த ஆட்டங்களை நடத்திப் பார்க்கலாமா?

தாராளமாக நடத்தலாம். பொதுநிதி ஆட்டமே எளிது. நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஆளுக்கு 20 புளியங்கொட்டைகளும் ஒரு துணிப்பையும் கொடுங்கள். போட விரும்புவதைப் பையில் போட்டு, போடாததை வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் பார்க்கக் கூடாது. பையில் சேர்ந்த மொத்தத்தை 0.4ஆல் பெருக்கினால் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு வரும். பத்துச் சுற்றுகள் ஆடி, ஒவ்வொரு சுற்றின் மொத்தத்தையும் கரும்பலகையில் எழுதிவாருங்கள். பாதிக் குழுக்களுக்கு, ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு ஐந்து நிமிடம் பேசிக்கொள்ள அனுமதி கொடுங்கள். வாக்குறுதியை மீறத் தடையேதும் இல்லாதபோதும், பேசிக்கொண்ட குழுக்களின் மொத்தம் பெரும்பாலும் ஏறும்; ஆஸ்ட்ரமும் சகாக்களும் 1992இல் வெளியிட்ட சோதனைகளில் கண்டதும் அதுவே. பத்தாவதுதான் கடைசி என்பதைச் சில குழுக்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மற்றவற்றுக்குச் சொல்லாமல் திடீரென நிறுத்துங்கள். கடைசி இரு சுற்றுகளின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, யார் எவ்வளவு போட்டார்கள் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள். அதை வெளியிடுவதா வேண்டாமா என்பதையும் அவர்களிடமே வாக்கெடுப்புக்கு விடலாம்.